கயிறு மட்டும் வீட்டுக்கு வரும்

எட்டயபுரம் ஆட்டுச்சந்தை சனிக்கிழமை கூடும். இருட்டோடு போய்ச் சேர வேண்டும். வெயில் ஏறினால் நல்ல வியாபாரிகள் கிளம்பிவிடுவார்கள். இருபது வருஷமாக அந்தச் சந்தைக்கு ஆடு கொண்டுபோகிறேன். முதலில் மாமனாரோடு, பிறகு வீட்டுக்காரரோடு, அவர் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனபிறகு தனியாக. எடை, பல், விலை எல்லாம் நாலைந்து சந்தையில் பிடிபட்டுவிட்டது. விற்றுவிட்டு வெறுங்கயிற்றோடு வீடு திரும்பப் பழகத்தான் வருஷக்கணக்காயிற்று.

எங்களிடம் இருப்பவை கன்னி ஆடுகள். உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தில் இரண்டு பக்கமும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. பெரும்பாலும் இரட்டைக்குட்டி போடும். ஒரு ஐப்பசி அடைமழையில் எங்கள் மூத்த ஆடு மூன்று போட்டது. காம்பு இரண்டுதானே, மூன்றாவதைத் தாய் முட்டித் தள்ளிக்கொண்டே இருந்தது. சீம்பாலைக் கறந்து, என் விரலை அதன் வாயில் கொடுத்து, விரல் வழியாகவே சொட்டுச் சொட்டாக விட்டேன். மறுநாளிலிருந்து புட்டிப்பால். அப்போது என் மகனுக்கு ஏழு வயது. புட்டி பிடிப்பது அவன் வேலை. குட்டியின் நெற்றியில் சுண்டுவிரல் நகமளவு வெள்ளை இருந்ததால் சுட்டி என்று பேர் வைத்தான்.

புட்டிப்பால் குடித்த குட்டி மந்தையோடு ஒட்டாது, மனுஷரோடுதான் ஒட்டும். சுட்டி ராத்திரியில் ஆட்டுரலுக்குப் பக்கத்தில் சாக்கில் படுக்கும். பால்குடி மறந்த பிறகும் பையனின் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டே நிற்கும். அந்த வருஷம் அவன் சட்டை எல்லாமே கீழ்முனை நைந்து கிடந்தது.

கிடாய்க்குட்டி, விற்றுத்தான் ஆக வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பையனிடம் மட்டும் சொல்லவில்லை. அடுத்த தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவனை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் சுட்டியைச் சந்தைக்குக் கொண்டுபோனேன். 6,500 ரூபாய்க்கு முடிந்தது. எங்கள் பக்கம் விற்ற உருப்படியோடு கயிற்றைக் கொடுக்க மாட்டோம். வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டதும் நம்முடையதை அவிழ்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். அவிழ்த்தேன். அவர் சுட்டியை மற்ற ஆடுகளோடு கழுத்தோடு கழுத்தாகப் பிணைத்தார். நான் பத்தடி தள்ளிப்போய், "ஒரு டீ போடுங்க அண்ணாச்சி" என்றதுதான் தாமதம், என் குரலைக் கேட்டுச் சுட்டி கத்தியது. கூட்டத்தில் நூறு ஆடு கத்தும், ஆனால் வளர்த்த ஆட்டின் சத்தம் தனியாகக் கேட்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. டீயும் குடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்த பையன் கேட்டான். மேயப்போன இடத்தில் காணாமல் போய்விட்டது என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அது. நாலு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கால்சட்டைப் பையில் கருவேல நெற்றை நிரப்பிக்கொண்டு ஓடைக்கரை முழுக்கச் சுட்டி, சுட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தான். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். இவன் அழவில்லை. ராத்திரி படுத்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்: "எம்மா, போகும்போது அது என்னையத் தேடுச்சா?"

"கத்துச்சுய்யா. நான்தான் திரும்பிப் பாக்காம வந்துட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒளித்து விற்றதில்லை. மூன்று மாதத்தில் கிடாய்க்குட்டிக்குக் காயடிப்போம். அந்த நாளிலேயே, இது தீபாவளிக்குப் போகிற உருப்படி என்று வீட்டில் எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிடுவோம். பக்ரீத்துக்கும் சாமிக்கும் கேட்கிறவர்கள் ஊனமில்லாத, காயடிக்காத கிடாயாகப் பார்ப்பார்கள். பக்ரீத்துக்கு ஒரு வயது முடிந்து பல் போட்டிருக்க வேண்டும். அப்படி விடுகிற ஒன்றிரண்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அது புரியுமா என்று கேட்பார்கள். நன்றாகவே புரியும். போகப்போகிற ஆடு என்று தெரிந்துதான் அதற்கு அகத்தி ஒடித்துப் போடுவார்கள். காணாமல் போச்சு என்ற பொய்தான் அவர்களைத் தெருத்தெருவாக அலைய வைக்கிறது.

பேர் வைக்காதே, பேர் வைத்தால் பாசம் ஒட்டிக்கொள்ளும் என்று என் மாமியார் சொல்வார். அவர் எந்த ஆட்டுக்கும் பேர் வைத்தவரில்லை. ஆனால் நொண்டி ஆட்டின் இரண்டாம் ஈத்தில் பிறந்த இளையது எப்போது விலைபோனது என்று கேட்டால் மாதத்தோடு சொல்வார், சொல்லும்போது முந்தானை கண்ணுக்குப் போகும். பேர் இல்லாததால் அவருக்கு வருத்தம் குறைந்ததாக நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாவற்றுக்கும் பேர் வைக்கிறோம்.

மனசு ரொம்ப நொந்துபோவது பணமுட்டுக்கு விற்கும்போதுதான். அந்த மாமியாரின் வைத்தியச் செலவுக்கு எங்கள் கறவை மாட்டை அவசரமாக விற்றோம். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத் தரகர் விலை சொன்னார்; நம் முகத்தைப் பார்த்தே அவருக்கு நம் நெருக்கடி தெரிந்துவிட்டது. பாதி விலைக்குப் போன மாட்டை நினைத்தால் இன்றைக்கும் இரண்டு மடங்கு வலிக்கிறது. பிரிந்தது ஒன்று, அதைக் கேவலமான விலைக்குத் தள்ளிவிட்டோமே என்பது இன்னொன்று. அதனால் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுகிறேன், அடுத்த அவசரத்துக்கு ஆட்டுக்கொட்டிலைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. கிளம்பும் முன் வீட்டிலேயே தொங்குதராசில் எடை பார்த்துவிடுவேன். 21 கிலோ ஆட்டைத் தரகர் கண்மதிப்பில் பதினெட்டு என்பார். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறி என்பது இரண்டு பேருக்குமே தெரியும். எடையைச் சரியாகச் சொல்லிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடியும். இந்த விலைக்குக் கீழே தர மாட்டேன் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போக வேண்டும். சந்தையில் நின்று, ஆடு நம்மைப் பார்த்துக் கத்தும்போது எடுக்கிற முடிவு சரியாக வராது.

தாயின் மடியிலிருந்து குட்டியைப் பிடுங்கி நேராகச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். மூன்று மாதம் முடிந்த பிறகு பகலில் பிரித்து மேயவிட்டு, ராத்திரி சேர்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் மறக்கடிக்க வேண்டும். அப்படிச் செய்தும் தாய் இரண்டு ராத்திரி தொண்டை கட்டும்வரை கத்தும். அந்த நாட்களில் மடியைத் தொட்டுப் பாருங்கள். பால் கட்டிக் கல்லாக இருந்தால் கொஞ்சம் பீச்சிவிடுங்கள். இரட்டையில் ஒன்று பெட்டையாக இருந்தால் தாயோடு விட்டுவிடுங்கள். வளர்ப்புக்கு விற்பதானால் தனியாக ஒன்றைக் கொடுக்காமல் ஜோடியாகக் கொடுங்கள். ஒற்றைக் குட்டி புது இடத்தில் தீனி எடுக்காமல் ஏங்கிக் கிடக்கும். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். 

கடைசி நாள்தானே என்று சோறும் கம்பும் தட்டுத் தட்டாக வைப்பவர்கள் உண்டு. பாசத்தில் செய்பவர்களும் இருக்கிறார்கள், எடைக்காகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தப்பு. தானியம் அதிகமானால் வயிறு உப்பி வண்டியிலேயே விழுந்துவிடும். வழக்கமான தழை, வழக்கமான தண்ணீர், அவ்வளவு போதும். லோடு ஆட்டோவில் மணல் பரப்பி, நிற்க இடம் விட்டு ஏற்றுங்கள். நாலு காலையும் சேர்த்துக் கட்டிப் போடுகிற வண்டியில் என் ஆடு ஏறாது என்று டிரைவரிடம் முன்னாடியே சொல்லிவிடுவேன்.

திரும்பி வந்ததும் முளைக்குச்சி வெறுமையாக நிற்கும். அன்றைக்கே வேறொரு ஆட்டை அதில் கட்டிவிடுகிறேன். நாள் கடத்தினால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண் அங்கேயே நிற்கிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமையானாலும் வீட்டில் கறி எடுப்பதில்லை. எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, எங்களுக்கு இறங்காது.

இவ்வளவு வருத்தப்படுகிறவள் ஏன் விற்கிறாய் என்று பட்டணத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மானாவாரி நாலு ஏக்கரில் உளுந்தும் பாசியும் விளைந்தால் விளையும், மழை தப்பினால் தப்பியதுதான். பையனின் பள்ளிக்கூடப் பணம் ஆட்டில்தான் வந்தது. வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து குட்டி பிறக்கிற இடத்தில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் மொத்தமும் பட்டினிதான். ஆனால் ஒன்றை மட்டும் விலக்கி வைத்தோம். சுட்டியின் தாய் ஈத்து நின்ற பிறகு மூன்று வருஷம் சும்மா தின்றுகொண்டு கொட்டிலில் இருந்தது. கணக்குப் பார்த்தால் நஷ்டம். இறந்தபோது வேப்பமரத்தடியில் புதைத்தோம். முடிந்தவர்கள் மந்தையில் ஒன்றையாவது அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

சுட்டியின் கயிறு இன்னும் கொட்டில் விட்டத்தில் தொங்குகிறது. வேறு எந்த ஆட்டுக்கும் அதைப் போடவில்லை.

வருகிற சனிக்கிழமை இரண்டு கிடாய் கொண்டுபோகிறோம். மகனுக்கு இப்போது பதினைந்து வயது, அவனும் வருகிறான். கயிறு அவிழ்ப்பது அவன்தான்.