விரல்கள் தாமாக விழுவதில்லை

தொழுநோய் என்று சொன்னதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது விரல் இல்லாத ஒரு கை. கோயில் வாசலிலும் பழைய சினிமாவிலும் பார்த்து மனதில் பதிந்த கை. அதற்கு நாம் கேட்டு வளர்ந்த விளக்கமும் ஒன்றே: நோய் சதையை அரித்துவிடும், விரல் அழுகும், பிறகு விழுந்துவிடும். 1940கள் வரை மருத்துவர்களில் பெரும்பாலோரும் இப்படித்தான் நம்பினார்கள். அது தவறு என்பதை வேலூரிலும் செங்கல்பட்டிலும் நடந்த ஆராய்ச்சி காட்டியது. கை அறுவை சிகிச்சையின் உலக வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. இத்தனை காலம் ஆகியும் அது நடந்த மாநிலத்திலேயே பழைய பேச்சு மாறவில்லையே என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

“விரல் அழுகி விழுந்துவிடும்”

தொழுநோய்க் கிருமி சதையைத் தின்பதில்லை. அது குடியேறுவது தோலிலும் நரம்பிலும். சரி, அப்படியானால் விரல்கள் எங்கே போகின்றன? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் பால் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவர். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்தச் சொன்னார். அந்தப் பிடியில் பிராண்டுக்கு வலி எடுத்தது. பயனற்றது என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் அவ்வளவு பலம் இருந்தது.

விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன; அவை பாதிக்கப்படவில்லை. செயலிழந்தவை உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தசைகள் மட்டும்தான். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் இருக்க வேண்டும் என்று இறந்த நோயாளி ஒருவரின் உடலைத் திறந்து நரம்புகளை முழு நீளத்துக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். முழங்கைக்கு அருகே, மணிக்கட்டுக்கு மேலே, முழங்காலின் பக்கவாட்டில், கணுக்காலில் என்று தோலை ஒட்டி ஓடும் இடங்களில் நரம்பு வீங்கியிருந்தது. ஆழத்தில் ஓடும் இடங்களில் வீக்கமில்லை. உடம்பின் சூடு குறைந்த பகுதிகளில்தான் இந்தக் கிருமி செழிக்கும். முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘சுர்’ரென்று இழுக்குமே, அந்த நரம்புதான் பெரும்பாலும் முதலில் அடிபடுகிறது.

நரம்பு போனால் தசை மட்டும் போவதில்லை, உணர்ச்சியும் போகிறது. அதன் பிறகு நடப்பதைப் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையிலேயே தேடினார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற சிறுவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டிய பிறகுதான், சாவி அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டியிருப்பதைப் பார்த்தார்கள். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. நெருப்பில் விழுந்ததை வெறுங்கையால் எடுத்தவர்கள் இருந்தார்கள். இரவு படுக்கும்போது இருந்த விரல்நுனி காலையில் காணாமல் போனதற்கும் விடை கிடைத்தது: தூக்கத்தில் எலி கடித்திருக்கிறது. வலி இருந்தால் யாரும் கையை இழுத்துக்கொள்வார்கள். இவர்களுக்கு விழிப்பே வரவில்லை. அதன் பிறகு சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒருநாள் தீக்காயம், மறுநாள் வெட்டு, கவனிக்காமல் விட்ட புண்ணில் சீழ், சீழ் எலும்புக்கு இறங்குவது, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது என்று பல ஆண்டுகளில் விரல் குட்டையாகிறது. இப்படிக் குட்டையான விரல்களைக் கூர்ந்து பார்த்தால் பலவற்றின் நுனியில் நகம் இன்னும் இருக்கும். விரல் அழுகி விழுந்திருந்தால் நகம் எப்படி மிஞ்சும்? உள்ளே எலும்பு குறையக் குறைய நுனி பின்வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காயத்தைத் தடுத்தால் விரலைக் காப்பாற்றலாம் என்பதே இதன் பொருள். வேலூரில் அதைச் செய்தும் காட்டினார்கள்.

“அந்தச் சதையில் கத்தி வைத்தால் ஆறாது”

இந்த நம்பிக்கையால்தான் அதுவரை பெரும்பாலான மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்குத் துணியவில்லை. 1948இல் வேலூரில் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு எப்படி ஆறுமோ அப்படியே இவர்களுக்கும் ஆறியது. காலில் ஆண்டுக்கணக்காக ஆறாத புண்கூட, மாவுக்கட்டுப் போட்டு, மிதிபடாமல் ஓய்வு கொடுத்தால் மூடிக்கொண்டது. ஆறாமல் இருந்ததற்குக் காரணம், வலியில்லாததால் அந்தப் புண்ணின் மேலேயே தினமும் நடந்துகொண்டிருந்ததுதான்.

மடங்கிப்போன கையால் என்ன முடியாது என்று யோசித்துப் பாருங்கள். விரல்களின் அடிமூட்டு பின்னுக்கு வளைந்தும் நடுமூட்டும் நுனிமூட்டும் உள்ளுக்கு மடங்கியும் இருக்கும். டம்ளரை எடுக்கப் போனால் விரல்கள் அதைச் சுற்றிப் போகாது. நகங்கள்தான் முதலில் முட்டும். சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோக, அடிமூட்டு மடங்க வேண்டும், மற்ற மூட்டுகள் நிமிர வேண்டும். நாம் யோசிக்காமல் செய்யும் இந்த அசைவுதான் அவர்களிடமிருந்து போய்விடுகிறது.

இதற்கான தீர்வு தசைநாண் மாற்று. தசையை எலும்போடு இணைத்து இழுக்கும் வெண்மையான கயிறுதான் தசைநாண். மணிக்கட்டைப் பின்பக்கமாக நிமிர்த்த நமக்கு மூன்று தசைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் நரம்பைத் தொழுநோய் தொடுவது அபூர்வம். அதனால் மூன்றில் ஒன்றைக் கடன் வாங்கலாம். காலில் இருந்து, பெரிய வேலை எதுவும் இல்லாத மெல்லிய நாண் ஒன்றை எடுத்து அந்தத் தசையோடு ஒட்டி நீளமாக்கி, முனையை நான்காகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் தைக்கிறார்கள். பொம்மலாட்டக்காரர் கயிறு மாற்றிக் கட்டுவது போன்ற வேலை. ஒவ்வொரு கயிற்றின் இழுவையும் சரியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் விரல் நிமிராது, இறுகினால் மடங்காது. வேறு முறைகளில் தொடங்கி, விளைவுகளைப் பதிவு செய்து, ஒத்துப்போகாதவற்றைக் கைவிட்டுப் பிராண்ட் இதற்கு வந்து சேர்ந்தார். 1952இல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி இந்த ஆய்வுக்காக அவருக்கு ஹண்டேரியன் பேராசிரியர் என்ற கௌரவத்தை அளித்தது.

வேலூரில் இந்தக் கைகளைச் சீராக்கியவர்களில் மேரி வர்கீஸை மறக்கக் கூடாது. 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரில் அந்தத் துறையையே கட்டியெழுப்பினார்.

கத்தி வேலை முடிந்தால் கை உடனே வேலை செய்துவிடாது. சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன் பிறகு பிசியோதெரபி: மணிக்கட்டை நிமிர்த்திக்கொண்டிருந்த தசைக்கு இனி உன் வேலை விரலுடையது என்று பழக்குவது. முதல் நாட்களில் விரலை அசைக்க நோயாளி மணிக்கட்டை நினைக்க வேண்டும். வாரங்கள் போகப் போக மூளையே கற்றுக்கொள்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் வேலை இருக்கிறது. இறுகிய மூட்டுகளை மெழுகுக் குளியலும் எண்ணெய் உருவுதலும் கொடுத்து இளக்கிய பிறகே மேசைக்கு அழைத்துப்போவார்கள்.

“கை சரியானால் போதும், முகத்துக்குச் செய்வது வெறும் அழகுக்கு”

கை சீரான சிலர் ஊருக்குப் போய், முன்னைவிட மோசமான நிலையில் திரும்பி வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் யாரும் வேலை கொடுக்கவில்லை. நிமிர்ந்த விரல்களைப் பார்த்துப் பிச்சை போடுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். மருத்துவர்கள் கொடுத்த நல்ல கையால் இருந்த பிழைப்பும் போயிற்று. இதைக் கேட்டு வேலூரில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1951இல் நவ ஜீவ நிலையம் தொடங்கித் தச்சு போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுத்தார்கள். முகத்துக்கும் சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

தொழுநோயில் புருவ முடி உதிரும், மூக்கின் உட்புறம் சுருங்கி மூக்குத் தண்டு அமுங்கும். ஊர் அடையாளம் கண்டுகொள்வது இவற்றைத்தான். உள்ளிருந்து தோல் ஒட்டி மூக்கை உயர்த்தினார்கள். ரத்தக் குழாயோடு தலைத்தோலின் ஒரு கீற்றை நகர்த்திப் புருவமாக்கினார்கள். தலைமுடி என்பதால் அது வளர்ந்துகொண்டே இருக்கும், அடிக்கடி கத்தரிக்க வேண்டும். நரம்பு செயலிழந்து இமை மூடாத கண்ணுக்கு, உணவை மெல்லப் பயன்படும் நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு பகுதியை இமையோடு இணைத்தார்கள். அதன் பிறகு நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். நாள் முழுவதும் நினைத்து நினைத்துக் கடித்துப் பழக வேண்டும். இல்லாவிட்டால் விழி காய்ந்து பார்வை போகும். இவற்றை அழகு சிகிச்சை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஒருவர் டீக்கடைக்குள் நுழைய முடிவதும் கூலிக்குச் சேர முடிவதும் அந்தப் புருவத்தில் இருக்கும்போது அது பிழைப்புக்கான சிகிச்சை.

“வலி இல்லையென்றால் நல்லதுதானே”

நிமிர்ந்த விரலும் மரத்த விரல்தான். தசைநாணை மாற்றலாம், உணர்ச்சியை மாற்றி வைக்க முடியாது. அதனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆபத்து கூடவும் செய்யலாம். சும்மா இருந்த கை இப்போது சூடான பாத்திரத்தையும் அரிவாளையும் பிடிக்கும். அடுப்பருகே துணி, கருவிகளுக்குப் பருமனான கைப்பிடி, தினமும் இரவு கையையும் காலையும் கண்ணால் சோதிப்பது என்று வலி செய்ய வேண்டிய வேலையைப் பழக்கத்தால் செய்ய வேண்டும்.

பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு செயற்கை வலியை உருவாக்கவும் முயன்றார். கையுறையில் அழுத்தத்தை உணரும் கருவிகளைப் பொருத்தினார்கள். அழுத்தம் மிஞ்சினால் காதில் சத்தம் கேட்கும். நோயாளிகள் அதைச் சட்டை செய்யவில்லை. உணர்ச்சி உள்ள இடத்தில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். செய்ய நினைத்த வேலைக்கு அது தடையானபோது கருவியை அணைத்துவிட்டு வேலையைச் செய்தார்கள். கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். நாம் அணைக்க முடியாதது என்பதால்தான் வலி நம்மைக் காக்கிறது.

இது தொழுநோயாளிகளோடு முடிகிற விஷயமல்ல. சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்கும் இதே கதைதான். புண்ணுக்குப் பாதத்தை ஒட்டிப் போடும் மாவுக்கட்டை 1930களில் தொழுநோய்ப் புண்களுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் இலங்கை அறுவை மருத்துவர் மில்ராய் பால் ஒருவர். பிராண்ட் அந்த முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். இன்று உலகெங்கும் சர்க்கரை நோய்ப் புண்ணுக்கு அது முதன்மையான சிகிச்சைகளில் ஒன்று. உங்கள் வீட்டில் அப்பாவோ அத்தையோ போட்டிருக்கும் எம்.சி.ஆர். செருப்பும் மரத்த பாதத்தைக் காக்க வேலூர், கரிகிரி வட்டாரத்தில் நடந்த தொழுநோய்ப் பணியில் பயன்பாட்டுக்கு வந்ததுதான்.

“தொட்டால் ஒட்டிக்கொள்ளும்”

ஒட்டிக்கொள்ளாது. நூற்றில் 95 பேருக்கு மேல் இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. கூட்டு மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே நோயாளியிடமிருந்து பரவும் வாய்ப்பு அநேகமாக நின்றுவிடுகிறது. அப்படியிருந்தும், தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கும் பிரிவுகளை நம் நாட்டுத் தனிநபர் சட்டங்களிலிருந்து 2019இல்தான் நீக்கினார்கள்.

“இப்போது யாருக்கு வருகிறது?” என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2005இல் இந்தியாவில் நோயின் அளவு பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்பதற்கும் கீழே வந்தது உண்மை. ஆனால் இன்னும் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலகத்தில் பாதிக்கு மேல் இங்கேதான். வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொட்டால் தெரியவில்லை, சுண்டுவிரல் பக்கம் மரத்திருக்கிறது, சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறுகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிடும் மாத்திரை இலவசம். நரம்பு செயலிழக்கத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு சிகிச்சையும் கிடைத்துவிட்டால் பலருக்கு உணர்ச்சியும் பலமும் திரும்புகின்றன. அதற்குப் பிறகு வருகிறவருக்கு அறுவை மருத்துவர் விரலை நிமிர்த்தித் தருவார். வலியைத் திருப்பித் தர அவரால் முடியாது.