சென்னைக்கு 2046 வரை; கல்வராயன் மலைக்கு?

கேள்வி: சென்னைப் பெருநகருக்கு 2046-ஆம் ஆண்டு வரைக்கும் திட்டம் தயாராகிறதாமே! இருபது வருடம் கழித்து யார் எந்த வழியில் போவார்கள் என்று இப்போதே எப்படித் தெரியும்? அதெல்லாம் தெரிகிறவர்களுக்குக் கல்வராயன் மலைக் குக்கிராமங்களுக்குச் சாலை வேண்டும் என்பது ஏன் தெரியவில்லை? வனத்துறைதான் விடுவதில்லை என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி, கச்சிராயபாளையம்

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று கேள்வி, மூன்றும் நல்ல கேள்வி. மலையடிவாரத்தில் இருந்துகொண்டு சென்னையின் திட்டத்தையும் படித்துப் பார்த்திருக்கிறீர்களே, அதற்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். இருபது ஆண்டு கழித்து என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. நீண்டகாலத் திட்டம் என்றால் ஜோசியம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது இன்றைக்கே செய்தாக வேண்டிய முடிவுகளின் பட்டியல்தான். எந்த நிலத்தில் வீடு எழும்ப விடக்கூடாது, எந்தத் தடத்தை ரயிலுக்கு ஒதுக்கி வைப்பது என்பதையெல்லாம் காலி இடம் இருக்கும்போதே முடிவு செய்தால்தான் உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையை நாலு வழியாக்கியபோது கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஊர்களின் புறவழிச்சாலைகளை மட்டும் இரண்டு வழியாக விட்டார்கள். வேகமாக வரும் வண்டிகள் திடீரென்று நெருக்கிக்கொள்ளும் இடங்களாக அவை ஆயின. விபத்துகளுக்குப் பிறகுதான் அகலப்படுத்தும் பேச்சு வந்தது. சின்னசேலம்–கள்ளக்குறிச்சி ரயில் பாதையின் நீளம் வெறும் 16 கிலோமீட்டர். அதற்கு ஒப்புதல் கிடைத்து ஏறக்குறைய இருபது ஆண்டு ஆகிறது. நிலம் எடுப்பதிலேயே பல ஆண்டுகள் போயின.

இனி இரண்டாவது கேள்வி. திட்டமிடுபவர்கள் எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்தால் விடை தானாக வரும். அவர்களுடைய முறையில் நாலு படிகள். ஒரு பகுதியிலிருந்து எத்தனை பயணம் கிளம்பும், அவை எங்கே போகும், பஸ்ஸிலா பைக்கிலா, எந்தச் சாலை வழியாக என்று வரிசையாகக் கணக்கிடுவார்கள். இதற்கு ஆதாரம் களத்தில் எடுக்கும் எண்ணிக்கை. சாலைச் சந்திப்பில் ஒருவர் அட்டையில் படிவத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாரிக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒரு கட்டம், பைக்குக்கு ஒரு கட்டம். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே கிழிப்பார். அவர் எண்ணுவது தன்னைக் கடந்து போன வண்டிகளை மட்டும்தான்.

மலையில் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. பாதை சரியில்லை என்பதால் கடுக்காயையும் மரவள்ளிக்கிழங்கையும் கீழே கொண்டுவராமல் வந்த விலைக்கு ஊரிலேயே விற்றுவிடுகிறவர், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண், டோலி கட்டித் தூக்க ஆள் கிடைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகாத நோயாளி ஆகியோரின் பயணங்கள் எந்தப் படிவத்திலும் விழாது. வண்டி போகவில்லை, ஆகவே தேவையில்லை என்று கணக்கு முடிந்துவிடும். அதனால் மலைப்பகுதிக்கு வேறு அளவுகோல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம், உயர்நிலைப் பள்ளி, சந்தை ஆகிய மூன்றுக்கும் ஒரு வீட்டிலிருந்து எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம் என்று பார்ப்பது அது. இதற்கு அணுகுதிறன் என்று பெயர். என் கருத்தில் கல்வராயன் மலைக்குப் பொருந்துவது இது ஒன்றுதான்.

ஆள் எண்ணிக்கையும் குறுக்கே வருகிறது. 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில், சமவெளியில் 500 பேர் இருந்தால்தான் குடியிருப்புக்குச் சாலை. மலை மாநிலங்களுக்கும், அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 பேர் போதும் என்று சலுகை உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை. கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் இருப்பது மலையில், விதிப்படி அவர்கள் சமவெளிக்காரர்கள்! இது திருத்தப்பட வேண்டிய அநியாயம் என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

மாவட்ட எல்லை இன்னொரு சிக்கல். பெருநகரத் திட்டத்தின் பெரிய பலமே, மக்கள் எங்கே போய் வருகிறார்களோ அதையொட்டி எல்லை போடுவதுதான். சென்னைப் பெருநகரப் பகுதி திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குள்ளும் நீள்கிறது. 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. மலை விஷயத்தில் நேர் எதிர். வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டம், கருமந்துறை சேலம் மாவட்டம். மலைவாசிக்கு இரண்டும் ஒரே மலை. சாலைத் திட்டமோ மாவட்ட எல்லையோடு நின்றுவிடுகிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி நிர்வாகம் பக்கத்தில் வந்தது நல்லதுதான். ஆனாலும் கல்லில் கீறிய கோடு மாதிரி அந்த எல்லை அப்படியே இருக்கிறது.

கடைசியாக வனத்துறை. ஓரளவு உண்மை, ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. வன நிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டுச் சட்டம். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2006-இல் வந்த வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, பள்ளி, குடிநீர் உட்பட 13 வசதிகளுக்குத் தனி வழி திறந்திருக்கிறது. ஒவ்வொரு வசதிக்கும் தேவைப்படும் வன நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-க்கு மேல் போகக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவை இருந்தால் டெல்லி வரை போகத் தேவையில்லை, மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிவாகும்.

ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். காட்டுக்குள் 5 மீட்டர் அகலம் எடுத்தால் 2 கிலோமீட்டர் சாலை வரும். குக்கிராமத்தை அடுத்த தார்ச்சாலையோடு சேர்க்கப் பல இடங்களில் இது போதும். அதைவிட நீளமான மலைச்சாலைக்குத்தான் 1980 சட்டத்தின் வழி. மாற்று நிலம், இழப்பீட்டுக் காடு வளர்ப்பு என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை அது. முன்கூட்டியே திட்டம் வேண்டும் என்பது இங்கேதான் கட்டாயமாகிறது.

2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்த பிறகு இந்தப் பேச்சுக்குச் சூடு ஏறியிருக்கிறது. அது ஆறுவதற்குள் உங்கள் மலை உறவுக்காரர்களிடம் ஒன்று சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை கூடும். 'சாலை வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் மனு நகராது. எந்தக் குடியிருப்பிலிருந்து எந்தச் சாலை வரை, எத்தனை மீட்டர், அதில் காடு எவ்வளவு, மரம் எத்தனை, 3(2) பிரிவின்படி பரிந்துரை என்று தீர்மானத்தில் எழுதி, கையெழுத்தோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.