கல்யாணப் பத்திரிகையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம்

நாசரேத்,
நவம்பர் கடைசி வாரம்.

கிறிஸ்துவுக்குள் பிரியமான மகளுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது. இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

கிறிஸ்துமஸ் மரத்தைச் செலவில்லாமல் வீட்டிலேயே ஜோடிப்பது எப்படி என்று நீ ஃபோனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் செய்முறை காதில் நிற்காது. தாளில் இருந்தால் அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்யலாம்.

மாப்பிள்ளைக்குச் சம்பளம் பாதியாக வருகிற இந்த நேரத்தில் மரத்துக்கென்று 300 ரூபாய்க்கு மேல் எடுக்காதே. அதில் பாதியை சீரியல் லைட்டுக்கு ஒதுக்கு. லைட் ஒன்றுதான் வீட்டில் செய்ய முடியாதது, மலிவு பார்க்கக் கூடாததும் அதுதான். எல்.இ.டி. லைட்டாக வாங்கு, சூடாகாது, கரண்டும் அதிகம் இழுக்காது. வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றிய பழைய லைட்டை யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல். படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு. மீதிப் பணம் நூல், ஒரு பசை பாட்டில், தங்க நிறப் பெயின்ட் ஒரு சின்ன டப்பா, இவற்றுக்குப் போதும்.

மரம் இல்லையே என்றாய். மழைக்காலத்தில் சென்னையில் ஒடிந்து விழுந்த கிளைக்கா பஞ்சம்? கொய்யாக் கிளை கிடைத்தால் விடாதே. நிறையக் கொப்பு இருக்கும், காய்ந்தாலும் லேசில் ஒடியாது. முருங்கை வேண்டாம், தொட்டாலே முறியும். இலையை உருவிவிட்டு இரண்டு நாள் காயவைத்துச் சுண்ணாம்போ மீந்துபோன வெள்ளைப் பெயின்ட்டோ அடி. காலிப் பெயின்ட் வாளியில் ஜல்லியும் மணலும் போட்டு நட்டு, வாளியைப் பழைய வேட்டியால் சுற்றிவிடு. நம்மூரில் சவுக்குக் கொப்பைத்தான் வைப்போம். பச்சையாக அழகாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் கொட்ட ஆரம்பித்துவிடும், கூட்டிக் கூட்டி உனக்கு இடுப்பு போய்விடும். எங்கேயாவது சவுக்கு கண்ணில் பட்டால் கீழே கிடக்கும் காய்களை மட்டும் பொறுக்கி வா. தங்கப் பெயின்ட்டில் முக்கி நூல் கட்டினால் அதைவிட நல்ல சின்னத் தொங்கல் கடையில் கிடையாது.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். வீட்டில் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஃபோனில் நாற்பது விதம் பார்த்துவிட்டு ஒவ்வொன்றிலும் ஒன்று செய்வார்கள். ஐஸ் குச்சியில் ஒன்று, பஞ்சில் ஒன்று, பாட்டில் மூடியில் ஒன்று. எல்லாவற்றையும் தொங்கவிட்டால் மரம் பள்ளிக்கூடக் கண்காட்சி மேஜை மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு புதுப் பொருள் வாங்கவேண்டியிருப்பதால் செலவும் ஏறும். நீ இரண்டே உருவம் எடுத்துக்கொள், மிஞ்சிப்போனால் மூன்று. அதையே திரும்பத் திரும்பச் செய். நிறமும் இரண்டுக்கு மேல் போகாதே. ஒரே மாதிரிப் பந்து பன்னிரண்டு தொங்கினால், பார்க்கிறவர்களுக்கு அது காகிதம் என்பதே உடனே தெரியாது. பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பு எடுத்த காலமெல்லாம் பிள்ளைகளிடம் நான் சொன்னது இதைத்தான்.

பந்துக்குக் காகிதம் கல்யாணப் பத்திரிகை. உன் கல்யாணத்தில் மீந்ததே ஒரு கட்டு இருக்குமே! கெட்டி அட்டை, பளபளப்பு, சிவப்பும் தங்கமும் சந்தனமுமாக அச்சு. கிறிஸ்துமஸுக்கென்றே அடித்த மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டிலும் கேள், பரண் நிறைய வைத்திருப்பார்கள். சாமி படம் போட்டதை மட்டும் வெட்டாமல் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடு. கொடுத்தவர்கள் மனசு நோகக் கூடாது.

காம்பஸில் 2 சென்டிமீட்டர் ஆரம் வைத்து இருபது வட்டம் போடு. பெரிய பத்திரிகை என்றால் ஒன்றிலேயே இருபதும் வந்துவிடும். பழைய காலண்டர் அட்டையிலும் அதே அளவில் ஒரு வட்டம் போட்டு, காம்பஸை விரிக்காமல் சுருக்காமல் விளிம்பைச் சுற்றி ஆறு புள்ளி வை. ஒன்றுவிட்டு ஒன்றைக் கோடு போட்டுச் சேர்த்தால் சரியான முக்கோணம் வரும். அதை வெட்டி எடுத்தால் அதுதான் உனக்கு அச்சு. ஒவ்வொரு வட்டத்தின் மேலும் அச்சை வைத்து, மூன்று ஓரத்தையும் அச்சடித்த பக்கமாக மடக்கி நிமிர்த்து. இனி ஒட்டுவது. மடித்த ஓரங்களை வெள்ளைப் பக்கத்தோடு வெள்ளைப் பக்கம் சேர்த்து ஒட்டவேண்டும். ஐந்தை நடுவில் ஒரு முனை கூடும்படி ஒட்டினால் ஒரு மூடி. இன்னொரு ஐந்தில் அடி மூடி. மீதிப் பத்தையும் ஒன்று மேல் பார்க்க, அடுத்தது கீழ் பார்க்க என்று வரிசையாக ஒட்டி வளையமாக்கு. மேல் மூடியை வைப்பதற்கு முன் அதன் முனை வழியாக முடிச்சுப் போட்ட நூலைக் கோத்துவிடு, அப்புறம் முடியாது. சின்ன ஆரஞ்சு அளவுக்கு ஒரு பந்து வரும். முதல் பந்து கோணலாகத்தான் வரும். அதைச் சுவர்ப் பக்கம் தொங்கவிடு.

இரண்டாவது உருவம் ஓலை நட்சத்திரம். குருத்தோலையை நான் வாரி நிழலில் காயவைத்து அனுப்புகிறேன். அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, துணியில் சுற்றிவைத்தால் பதமாகிவிடும். காய்ந்தபடியே மடித்தால் வெடிக்கும். சின்ன வயதில் நீ ஓலைப் பந்து பின்னுவாய், கை மறந்திருக்காது. இதற்கு நாலு கீற்று வேண்டும். அகலத்தைப் போல முப்பது மடங்கு நீளம் இருக்கவேண்டும். அரை அங்குல அகலம் என்றால் 15 அங்குலம். நாலையும் பாதியாக மடித்து, ஒன்றின் வாய்க்குள் ஒன்றாகச் செருகி, பாய் முடைவது போல நடுவில் ஒரு சதுரம் போட்டுக்கொள்ளவேண்டும். மற்றதை மாப்பிள்ளையின் ஃபோனில் ஃப்ரோபெல் நட்சத்திரம் என்று தேடிப் பார்த்துக்கொள், கை வேலையை எழுத்தில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். முடித்தால் தட்டையாக எட்டு முனை, கூம்பாக எட்டு முனை, ஆக பதினாறு. ஜெர்மனியில் 1840இல் கிண்டர்கார்ட்டன் என்ற பெயரைக் கொடுத்தாரே ஃப்ரோபெல், அவர் பேரில்தான் அழைக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் காகிதம் மடிக்கச் சொல்லிக் கொடுப்பது அவர் முறையில் பெரிய பாடம். அங்கே காகிதத்தில் செய்கிறார்கள். நம் ஓலைக்கு அது இன்னும் பொருந்தும், பெயின்ட்டும் வேண்டாம், அதன் வெளிர் மஞ்சளே போதும்.

தையல்காரரிடம் கேட்டால் சரிகை வைத்த வெட்டுத் துணி சும்மாவே கொடுப்பார். பழைய பிளாஸ்டிக் வளையலில் அதைச் சுற்றி, நடுவில் ஒரு சவுக்குக் காயைத் தொங்கவிடலாம். மூன்றாவது உருவம் வேண்டுமென்றால் அது. இல்லாவிட்டாலும் குறையில்லை.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். பனி என்று பஞ்சை ஒட்டாதே. லைட்டுக்குப் பக்கத்தில் பஞ்சு ஆபத்து, போதாததற்கு நம்மில் யார் பனியைக் கண்டோம்? ஜிகினாத் தூள் வேண்டாம்; குட்டியின் கண்ணில் பட்டால் தொல்லை, ஈஸ்டர் வரைக்கும் பாயிலிருந்து உதிரும். திங்கிற பொருள் எதுவும் மரத்தில் கூடாது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் 1605இலேயே மரத்தில் காகித ரோஜாவோடு ஆப்பிளும் மிட்டாயும் தொங்கவிட்டார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது குளிர் ஊர். நம் வீட்டில் ஒரே ராத்திரியில் எறும்பு சாரை கட்டும். ஆரஞ்சை வட்டமாக நறுக்கிக் காயவைக்கிறார்களே, டிசம்பர் ஈரத்தில் அது பூஞ்சணம்தான் பூக்கும்.

பசை பாட்டில் தீர்ந்தால் மைதாவில் காய்ச்சிக்கொள். அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் போதும், புளித்துவிடும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம். மழை ஈரத்தில் மைதாப் பசை காய நேரமெடுக்கும், ஆகையால் ராத்திரி ஒட்டிவைத்து மறுநாள் தொடு. வேலையை இந்த அட்வென்ட் ஞாயிறே ஆரம்பித்துவிடு. கடைசி வாரம் முறுக்கு சுடவே உனக்கு நேரம் பற்றாது.

கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். மகளே, அவர்கள் உன் வீட்டுக்கு வரும்போது ராத்திரி இரண்டு மணி ஆகியிருக்கும். பாதிப் பேர் தூங்கிக்கொண்டே பாடுவார்கள். காப்பி சூடாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவர்களில் யாராவது மரத்தைப் பார்த்து 'நீங்களே செய்ததா?' என்று கேட்டால், 'ஆமா, இந்த வருஷம் கஷ்டம்' என்று இழுக்காதே. 'ஆமா' என்பதோடு நிறுத்து. குட்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். நாம் எதைக் குறையாகச் சொல்கிறோமோ அதைத்தான் பிள்ளை குறை என்று படிக்கும்.

கடைப் பந்து மட்டும் பெரிய இடத்துச் சரக்கா? ஜெர்மனியில் துரிங்கியா மலைப் பக்கம் லவுஷா என்று கண்ணாடி ஊதுகிற ஊர் ஒன்று உண்டு. 1840களில் அங்கேதான் கண்ணாடிப் பந்து பிறந்தது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடந்த வேலை அது. அப்பா விளக்குச் சுடரில் ஊத, அம்மாவும் பிள்ளைகளும் வெள்ளிப் பூச்சு ஏற்றி, நிறம் தீட்டி, மூடி மாட்டுவார்கள். ஊல்வொர்த் என்ற அமெரிக்கக் கடைக்காரர் 1880களில் அதை வாங்கி விற்கப்போய்த்தான் ஊரெல்லாம் பரவியது. அதைச் செய்த குடும்பங்களுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

குட்டிக்கும் ஒரு வேலை கொடு. சவுக்குக் காயைப் பெயின்ட்டில் முக்குகிறதை அவளிடம் விட்டுவிடு, கீழே பழைய பேப்பரை விரித்துக்கொள். அவள் கைக்கு எட்டும் கொப்பில் வளையலும் ஓலையும் மட்டும் தொங்கட்டும். குண்டூசி, கம்பி எதுவும் வேண்டாம், எல்லாம் நூல்தான். அவள் பிய்த்தால் திட்டாதே, ஓலை இன்னும் இருக்கிறது.

ஜனவரி 6 கழிந்ததும் எல்லாவற்றையும் இறக்கி, செருப்பு வாங்கின அட்டைப் பெட்டியில் காய்ந்த வேப்பிலை போட்டு அடுக்கிவை. பந்தை நசுங்காமல் மேலே வை. அடுத்த வருஷம் நாலு பந்து கூடச் செய்தால் போதும்.

ஓலையை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையைக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எடுத்துக்கொள்ளச் சொல். கூடவே ஒரு டின்னில் அச்சுமுறுக்கு இருக்கும். டின்னைத் திருப்பி அனுப்பிவிடு, அது உன் பெரியப்பாவுடையது.

அன்புடன்,
பெரியம்மா