ஒரு தகவலுக்கு ஒரு கட்டம்



சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்காக ஒரு மாணவி தம் தாயாருடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். கையில் நிரப்பிய விண்ணப்பம். கடைசி நாள் முடிந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. கைப்பேசியில் நம் இணையதளத்தைத் திறந்து காட்டினார். கடைசி நாளை ஒரு வாரம் முன்னதாக மாற்றிய நாம், கல்வி உதவிப் பக்கத்தில் மட்டும் திருத்திவிட்டு, முகப்பில் பழைய தேதியை அப்படியே விட்டிருந்தோம். தவறு நம்முடையது, விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டோம். ஆனால் நேரம் முடிந்துவிட்டது என்று எண்ணி வராமலே இருந்தவர்கள் எத்தனை பேரோ!

தளத்தைக் கவனிக்கும் தொண்டர்களுக்காக இந்தப் பாடம். நம் தளம் வேர்ட்பிரஸில் இயங்குகிறது. அதில் 'கஸ்டம் ஃபீல்ட்' என்றொரு வசதி உண்டு. அச்சிட்ட விண்ணப்பத்தில் பெயர், வயது, முகவரிக்குத் தனித்தனிக் கட்டம் இருப்பதைப் போன்றதே இதுவும். கடைசி நாள், தொகை, தகுதி ஆகியவற்றைப் பத்திக்குள் எழுதாமல் தனித்தனிக் கட்டத்தில் வைக்கிறோம். முகப்பும் உள்பக்கமும் அந்தக் கட்டத்திலிருந்தே தேதியை எடுத்துக் காட்டும்படி, தளத்தை அமைத்தவரிடம் ஒருமுறை சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். கட்டத்தை நிரப்பினால் மட்டும் அது வாசகர் கண்ணுக்குத் தானாகத் தெரியாது. அமைத்துவிட்டால், பிறகு ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும்.

எடிட்டரின் மேல் வலப்பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'பிரிஃபரென்சஸ்' பகுதியில் 'கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்பதை இயக்குங்கள். பக்கத்தின் அடியில் பெயர், மதிப்பு என இரண்டு கட்டங்கள் வரும். நிரப்பும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

1. பெயர் மாறக் கூடாது. ஒரு பக்கத்தில் 'கடைசி நாள்', இன்னொன்றில் 'இறுதி நாள்' என்றால் கணினிக்கு அவை இரு வேறு கட்டங்கள்.

2. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2026-07-15. நாளை முதலில் எழுதினால், எழுத்து வரிசைப்படி 02-08-2026 என்பது 15-07-2026-க்கு முன்னால் வந்து நிற்கும். ஆகஸ்ட் ஜூலையை முந்திவிடும்.

3. தொகையில் இலக்கம் மட்டும்: 12000. 'ரூ.', '/-' வேண்டாம்.

4. நிதி வகையைத் தட்டச்சு செய்யாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள். ஜகாத் எட்டு வகையினருக்கே உரியது. சதகாவுடன் அது கலந்துவிடக் கூடாது. இத்தகைய பட்டியலுக்கும், தேதியை நாட்காட்டியில் தேர்வதற்கும் 'அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ்' என்ற பிளக்இன் உதவும். அதன் இலவசப் பதிப்பே நமக்குப் போதும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உதவி பெறுவோரின் பெயர், வருமானம், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை இந்தக் கட்டங்களில் ஒருபோதும் வைக்காதீர்கள். பக்கத்தின் வடிவமைப்பில் நேரும் ஒரு சிறு பிழை அவற்றை ஊருக்கே காட்டிவிடும். தனிநபர் தகவலைக் காக்க 2023-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியுள்ளது. சட்டம் வருமுன்பே, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கக் கற்றவர்கள் நாம். திட்டத்தின் விவரம் ஊருக்குத் தெரியட்டும். கேட்டு வந்தவரின் நிலை நம்மோடு இருக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு விண்ணப்பம் தொடங்குமுன் எல்லாத் திட்டப் பக்கங்களையும் இம்முறைக்கு மாற்றிவிடுவோம்.