குழந்தையின் குரல்

நுழையும்முன்

குழந்தைகளுக்காகப் பெரியோர் பேசுவது பழைய வழக்கம். குழந்தைகளையே பேசவிட்டுச் செவிமடுப்பது புதிய அறம். அவ்வறத்தை உலக நாடுகள் கற்றுக்கொண்ட வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கேட்கப்படாத குரல்

ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்தவள் விக்டோரியா கிளிம்பி. நல்ல கல்வி கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் பெற்றோர் அவளை உறவினர் ஒருவருடன் ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1999இல் இலண்டன் வந்த அச்சிறுமி, வீட்டில் கொடுமைக்கு உள்ளாகி 2000 பிப்ரவரியில் தன் எட்டாம் வயதில் உயிரிழந்தாள். மருத்துவமனை, காவல்துறை, சமூகநலத்துறை ஆகிய அனைத்தும் அவளை அறிந்திருந்தன. ஆயினும் அலுவலர்கள் பெரும்பாலும் உறவினரிடமே வினவினர். பொறுப்பேற்றிருந்த சமூகப்பணியாளர் அவளை நான்கு முறை பார்த்தார். அந்நேரம் முழுவதையும் கூட்டினாலும் அரைமணிக்கும் குறைவே. லேமிங் பிரபுவின் விசாரணை அறிக்கை 2003இல் இவ்வுண்மைகளை வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டம், உதவியை முடிவுசெய்யுமுன் குழந்தையின் விருப்பத்தையும் உணர்வையும் இயன்றவரை கேட்டறிவதைக் கடமையாக்கியது.

உலகின் உடன்பாடு

1989 நவம்பர் 20 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றது. தன்னைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துரைக்கும் உரிமை குழந்தைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்தை மதிக்க வேண்டும் என்றும் அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. நார்வே 1981இலேயே குழந்தைகளுக்கெனக் குறைகேள் அலுவலரை நியமித்தது. 2014இல் இவ்வுரிமையைத் தன் அரசியலமைப்பிலும் சேர்த்தது.

கேட்டலும் முடிவெடுத்தலும்

துன்புறுத்திய வீட்டுக்கே திரும்ப விரும்பும் குழந்தையும் உண்டு. அவ்விருப்பத்தை அப்படியே நிறைவேற்றுதல் பாதுகாப்பு ஆகாது; கேளாமலே புறந்தள்ளுதலும் நீதி ஆகாது. முடிவெடுக்கும் பொறுப்பு பெரியோருடையது. ஆனால், முடிவின் காரணத்தைக் குழந்தைக்குப் புரியும் மொழியில் விளக்குவதும் அப்பொறுப்பில் அடங்கும். பேசுவது உரிமையே அன்றிக் கட்டாயம் அன்று. ஆகவே, மௌனத்தையும் மதித்தல் வேண்டும்.

நம் நாட்டில்

இந்தியா 1992இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, குழந்தையின் பங்கேற்பை அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்துள்ளது. போக்சோ சட்டம் 2012இன்படி, வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் இருத்தல் கூடாது. குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெறலாம். அச்சம் நீங்கினாலன்றிச் சொல் பிறக்காது என்பதே இவ்விதியின் உட்பொருள்.

சட்டம் வாயிலைத் திறக்கலாம். பொறுமையோடு அமர்ந்து கேட்க மனிதர் வேண்டும்.

தெரியுமா?

இடருறும் குழந்தைகள் உதவி பெற அழைக்க வேண்டிய கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1098.

கற்பவை கற்றபின்

1. உங்களைப் பற்றிய முடிவு ஒன்று உங்களைக் கேளாமல் எடுக்கப்பட்டபோது நீங்கள் உணர்ந்ததை ஒரு பத்தியில் எழுதுக.
2. ‘கேட்டல் வேறு, ஏற்றல் வேறு’ என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.