முன்வாசலைப் பற்றி ஒரு கடிதம்



கலைக் கல்லூரியின் புதுக் கட்டடத்துக்கென்று நீ தயாரித்த வரைபடங்கள் வந்து சேர்ந்தன. கதவின் அகலம், கைப்பிடியின் உயரம், சக்கர நாற்காலி திரும்புவதற்கு வேண்டிய ஒன்றரை மீட்டர் வட்டம் முதலியவற்றில் நீ விதி வழுவாமல் நின்றிருப்பதால், அவற்றைப் பற்றி எழுதி உன் காலத்தையும் என் மையையும் விரயம் செய்யப் போவதில்லை. எனக்குக் கோபமூட்டியது உன் சாய்தளம்.

12-க்கு 1 என்ற சரிவு, நடுவே இளைப்பாற ஒரு சமதளம், இருபுறமும் கைப்பிடி என்று சகல லட்சணங்களும் பொருந்திய அதை, கட்டடத்தின் பின்னால், ஜெனரேட்டர் அறைக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் இடையே கொண்டுபோய் வைத்திருக்கிறாயே, இது என்ன நியாயம்? அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்கவேண்டும் என்கிறது 2016-ஆம் வருஷத்துச் சட்டம். சட்டம் பத்திரிகை வைத்து அழைத்த விருந்தாளியை நீ கொல்லைப்புறமாக வரச் சொல்கிறாய்.

இந்த விபரீதத்துக்கு மூலகாரணம் பேஸ்மட்டத்தின் மீது நம்மவர்களுக்குள்ள மோகம். ஆறு படி ஏறினால்தான் வித்யாலயம் என்று யார் விதித்தார்களோ தெரியவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே புகக்கூடாது என்பது வாஸ்தவம். ஆனால் உன் வரைபடத்தின்படி வெளிக்கதவிலிருந்து முன்வாசல்வரை 40 மீட்டர் காலியிடம் கிடக்கிறது. அதில் மண் நிரப்பி, 20-க்கு 1 என்ற சரிவில் பாதை போட்டால், படிகள் ஏறுகிற அந்த 90 சென்டிமீட்டரை 18 மீட்டர் தூரத்திலேயே கடந்துவிடலாம். தண்ணீரும் சரிவோடு வெளியே ஓடிவிடும். சாய்தளம் என்று தனியாக ஒன்றே வேண்டியதில்லை. எல்லோரும் நடக்கிற வழிதான் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் வழி. கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி என் நாக்கு வறண்டுவிட்டது.

நான் படித்த கல்லூரியில் சித்திரக்கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் சூம்பிய சிநேகிதன் ஒருவனை நாங்கள் முறைவைத்துத் தூக்கிச் செல்வோம். கழிப்பறைக்கும் படி இருந்தமையால், அவன் காலையிலிருந்து மாலைவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டான். எங்களுக்கு நன்றி சொல்லாத நாளும் கிடையாது. படிக்க வந்த ஒருவன் வகுப்புக்குப் போவதற்கே நித்தமும் நன்றி சொல்லவேண்டியிருந்ததென்றால், அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் தம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டார் என்பதே அர்த்தம்.

இன்னொன்று. பார்வையற்றவர்களுக்கான புடைப்பு ஓடுகளை ஜப்பானியரான மியாகே செயிச்சி 1965-இல் உருவாக்கினார். 1967-இல் ஒக்கயாமாவில், பார்வையற்றோர் பள்ளியின் அருகே அவை முதன்முதலாகத் தெருவில் பதிக்கப்பட்டன. நீள்கோடு வைத்த ஓடு ‘நட’ என்று சொல்லும்; புள்ளி வைத்தது ‘நில், கவனி’ என்று சொல்லும். நீயோ நடைவழி முழுவதும் புள்ளி ஓடுகளையே பதித்து, அடிக்கு அடி ‘நில், நில்’ என்று மிரட்டுகிறாய்; போதாததற்கு, கருங்கல் தரையோடு இசையவேண்டும் என்று மஞ்சளையும் சாம்பல் நிறமாக்கிவிட்டாய். மங்கலாகவேனும் பார்வையுள்ளவர்களுக்கு அந்த மஞ்சள்தான் வழிகாட்டி. அலங்காரத்துக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

ஆனால் மாடி நடைவழிகளின் மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைத்து, கைஜாடையில் பேசிக்கொண்டே இருவர் இணையாக நடக்கும் அளவுக்கு அகலமும் கொடுத்திருக்கிறாயே, அதைப் பார்த்து நான் சற்றுநேரம் மெய்ம்மறந்தேன். வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே நடக்கும் கல்லாடெட் பல்கலைக்கழகத்தில், 2005 முதல் ஹான்சல் பாமன் என்ற கட்டடக் கலைஞர் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் கூடியிருந்து ஆராய்ந்து கண்ட சூட்சுமம் இது. அந்த ஒரு வளைவுக்காக உன் குற்றங்களில் பாதியை மன்னித்தேன்.

மீதிப் பாதிக்கு, தரைமட்ட அளவுகளைக் குறித்துப் புது வரைபடம் அனுப்பு. படிகள் போனால் கல்லூரியின் கம்பீரம் போய்விடுமென்று முதல்வர் ஆட்சேபித்தால் என் விலாசத்தைக் கொடு. அவருக்கு நான் பதில் எழுதிக்கொள்கிறேன்.