யோகத்தின் முதற்படி

தில்லையை அடுத்த அண்ணாமலை நகரில், 1929-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பல்கலைக்கழகத்தில் யோகமும் கற்பிக்கப்படுகின்றது. யோகம் பயிலப் புகுவார் சிலர் அரிய ஆசனங்களையும் மூச்சடக்கலையுமே முதற்கண் விரும்பி, உடல் நொந்து இடையிற் கைவிடுகின்றனர். எளிதிற் றொடங்குதல் இழுக்கன்றோவெனின், அன்றென்க. என்னை? திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் இயமம், நியமம், ஆசனம் என்பவற்றின் பின்னரே பிராணாயாமத்தை வைத்தார். சிறந்த ஆசனங்களுள் சுகாதனத்தையும் எண்ணினார். தில்லைக் கூத்தினைக் கண்டாரென மரபு போற்றும் பதஞ்சலியார் பெயரால் வழங்கும் யோகசூத்திரமும், இருக்கை நிலையுடையதாயும் இனியதாயும் இருத்தல் வேண்டுமென்கின்றது. ஆதலின், புதியோர் கொல்லாமை, வாய்மை முதலியவற்றை மேற்கொண்டு, வருத்தமில்லா இருக்கையிற் சிறுபொழுது அமர்ந்து பழகுக. மூச்சடக்கலை ஆசிரியர்பாற் கேட்டே பயில்க. சரியை கிரியைகளின்பின் வைத்தெண்ணப்படும் யோகம் ஞானத்திற்குப் படியேயன்றி உடல்வன்மை காட்டும் வித்தையன்றென்பதை நாம் மறவாதிருப்போமாக.